இடது பக்கம்தான் இப்போது

ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எல்லாரும் டாக்டர் என்பதால், கோட்டு போடாத அவருக்கும் யாரோ ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். பெட்டி டாக்டர். கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்துக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கிய அறைக்கும் நடுவே, ஏசி ஓயாமல் ஓடும் ஒரு குறுகலான அறையில் இரும்பு அலமாரிகளுக்குள் அவர் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் பெட்டிகள் இருந்தன. ஆஸ்பத்திரியின் எல்லா வயர்களும் அங்கேதான் வந்து சேரும். ரத்தப் பரிசோதனை முடிவும், மருந்துச் சீட்டும், நோயாளியின் நெஞ்சில் ஒட்டிய வயரிலிருந்து கிளம்பும் துடிப்பும் அந்தப் பெட்டிகள் வழியாகத்தான் போய் வந்தன. "பெட்டிக்கு நாடி பார்த்தாச்சா டாக்டர்?" என்று கேண்டீன்காரர் டீயை நீட்டும்போதெல்லாம் கேட்பார். இவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்.

அவருக்குக் கீழே வேலை பார்த்தவன் அவருடைய மனைவியின் தம்பி. டாக்டருக்குக் கீழே இருப்பதால் அவனுக்குக் கம்பவுண்டர் என்று பேர் விழுந்தது. தாய் போன வயதில் அக்காவின் இடுப்பில் ஏறியவன், அவளுக்குக் கல்யாணமானபோது மூட்டையோடு மூட்டையாக இந்த வீட்டில் வந்து இறங்கினான். முப்பதைத் தாண்டிய பிறகும் வாசலை ஒட்டிய அறை அவனுடையதுதான். வேலை, மாமா வாங்கிக் கொடுத்தது. மாமா சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிப்பான்; கிணறுகூடத் தேவைப்படாத அளவுக்கு விசுவாசம்.

அக்கா வீட்டிலேயே மெஷின் போட்டு அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு நீலச் சட்டை தைக்கிறவள். மகள் அதே ஆஸ்பத்திரியின் நர்ஸிங் பள்ளியில் கடைசி வருஷம் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். ஊழியர் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடம் அது. அப்பா வேலையில் இருக்கிறவரைக்கும்தான் அந்த இடம் செல்லும். ஆகமொத்தம் அந்தக் குடும்பம் முழுவதும் அந்தக் கட்டடத்தின் தோளில் ஏறித்தான் உட்கார்ந்திருந்தது.

பெட்டிக்கு நாடி பார்ப்பது என்பது கேலி மட்டுமல்ல. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு மூளை உண்டு. அது எவ்வளவு திணறுகிறது என்பதை ஒரு கலர் திரை மலைத்தொடர்போலக் கோடு போட்டுக் காட்டும். கோடு வலது பக்கமாக வளரும். வலது ஓரம்தான் இந்த நொடி. எட்டு வருஷமாக இரண்டு பேரும் அந்தத் திரையைப் பார்த்துத்தான் பிழைத்தார்கள். அந்த மழைக்காலத்தில் கூரை ஒழுகி, திரையை ஓட்டிய கம்ப்யூட்டர் நனைந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. அதனால் பழைய காலத்து வழியில், லேப்டாப்பைச் சொருகிப் பெட்டியோடு நேராகப் பேசி, அதனிடமே கேட்டார்கள். அது கலரெல்லாம் போடாது. நட்சத்திரக் குறிகளையும் ஹாஷ் (#) குறிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு படம் எழுதிக் காட்டும். நட்சத்திரம் உச்சம், ஹாஷ் சராசரி. கடந்த மூன்று நாளின் ஒவ்வொரு மணிநேரமும் அதில் ஒரு குச்சியாக நிற்கும். ஒரே ஒரு வித்தியாசம், அந்தப் படத்தில் இடது ஓரம்தான் இந்த நேரம். வலது பக்கம் போகப் போகப் பழசு.

இது அவருக்குத் தெரியாததில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற விஷயமே இதுதான். ஆனால் தெரிந்தது வேறு, கண்ணுக்குப் பழகினது வேறு.

அன்றைக்கு அவர் பல் பிடுங்கப் போயிருந்தார். கன்னத்தில் ஊசி போட்டு, வாயில் பஞ்சை அடைத்து, மரத்துப்போக வேண்டும் என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்த வாரம் வார்டு வார்டாகப் புதுக் காமிராக்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் எல்லாவற்றையும் இணைக்கும் பெரிய பெட்டியின் தலையில் கொஞ்சம் சுமையை ஏற்றியது. எல்லாம் மெதுவாக இருக்கிறது என்று நர்ஸுகள் சொன்னதும் கம்பவுண்டர் படத்தைக் கேட்டு வாங்கி, அதைப் போனில் ஒரு போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினான். "மாமா, ஏறுதா இறங்குதா?" என்று கேட்டிருந்தான். அவர் பார்த்தார். இடது பக்கம் குச்சிகள் ஓங்கி நின்றன. வலது பக்கம் போகப் போகக் குட்டையாகி, கடைசியில் தரையோடு படுத்துக் கிடந்தன. அவருடைய கண் எட்டு வருஷப் பழக்கத்தில் இடமிருந்து வலமாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. பதில் எழுதினார். உள்ளே கூப்பிட்டார்கள், போனார்.

இறங்கவில்லை. ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பெரிய பெட்டி மூச்சுத் திணறி நின்றது. எட்டாம் வார்டில், பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகக் காத்திருந்த ஒரு பெண்ணின் துடிப்பு அந்த நேரம் பார்த்துத் தடுமாறியது. நர்ஸ் மேசையில் அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. படுக்கை பக்கத்து மெஷின் தன்னால் முடிந்தமட்டும் கீச்சிட்டது, கதவு சாத்தியிருந்தது. பேக்கரியில் கேக்குக்கு மேலே க்ரீம் பூ வைக்கிற வேலை அவளுக்கு. சாப்பாடு கொண்டுபோன ஆயாதான் முதலில் பார்த்தாள்; அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கம்பவுண்டர் பதறிப்போய்ப் பெட்டியின் பவரைப் பிடுங்கிச் சொருகினான். பெட்டி எழுந்துவிட்டது. ஆனால் பவர் போனால் அதற்கு ஞாபகமும் போய்விடும்; புதிதாகப் பிறந்ததுபோல எழுந்து, வெறும் படத்தைக் காட்டியது. நிர்வாக அதிகாரி கீழே இறங்கி வந்து, "காலையிலயே ஸ்லோவா இருக்குன்னு சொன்னாங்களாமே, யாரு பார்த்தது? யாரு ஒண்ணும் செய்ய வேண்டாம்னு விட்டது?" என்று கேட்டார். கம்பவுண்டர் நிமிர்ந்து பார்த்து, "நான்தான் சார்" என்றான். மாமாவின் பேரை எடுக்கவில்லை. அவருக்கு அனுப்பின போட்டோவையும் அதற்கு வந்த பதிலையும் தன் போனிலிருந்து அழித்துவிட்டான்.

வாய் வீங்கி வீட்டுக்கு வந்த பெட்டி டாக்டர், விஷயம் கேட்டு, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் போட்டோவை மறுபடி திறந்து பார்த்தார். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதிலிருந்து அந்த வீட்டில் பேசினது அக்காவும் மெஷினும்தான்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் மழை வலுத்துவிட்டது. காயாத நீலச் சட்டைகள் கொடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தொங்கின. முன்னறையே ஈரத்துணி வாடை. மறுநாள் கம்பவுண்டர் எழுத்தில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் வேலை போகும், அதற்கப்புறம் போலீஸ் வரும் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. அக்கா காலர் வைத்துத் தைத்துக்கொண்டே தம்பியைத் தைத்தாள்.

"உனக்குக் கண்ணு எங்கடா போச்சு? பச்சப் புள்ளையா நீ? ஒருத்தி செத்துக் கெடக்கறாடா."

அவன் தரையில் உட்கார்ந்து, வெட்டி எறிந்த நூல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். "தெரியும்க்கா."

"என்னத்தத் தெரியும்? மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டியா? அவர் என்ன சீமைக்கா போயிருந்தாரு? பல்லு புடுங்கத்தானே போயிருந்தாரு. ஒரு போன் போட்டிருந்தா உன் கை தேஞ்சா போயிருக்கும்?"

"தோணலக்கா."

"தோணலயாம். ஏங்க, நீங்களாவது கேளுங்களேன். மலை மாதிரி உக்காந்திருக்கீங்க."

பெட்டி டாக்டர் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது, ஆனாலும் கன்னத்தில் கை வைத்தபடியே இருந்தார். "விடு, அவனத் திட்டாத" என்றார்.

"உங்களால கெட்டவன்தான் இவன். எல்லாத்துக்கும் விடு விடு. வளத்தவ நான், எனக்குத்தான் அசிங்கம்."

கம்பவுண்டர் மாமாவைப் பார்த்தான். அவர் மழையைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்திருந்தால் அக்கா அப்போதே புரிந்துகொண்டிருப்பாள். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

வாசலில் ஒரு ஆள் சொட்டச் சொட்ட நின்றார். முன்கையெல்லாம் பொரிப் பொரியாகப் பழைய தீத்தழும்புகள். வெல்டர். செத்துப்போனவளின் புருஷன் என்று அவர் சொல்வதற்கு முன்பே கம்பவுண்டர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். பிணவறை வாசலில் அவரைப் பார்த்திருக்கிறான்.

"செக்யூரிட்டிகிட்ட வழி கேட்டு வந்தேங்க. சண்டைக்கு வரல" என்றார் வெல்டர். "பெட்டி டாக்டருங்கறது யாருங்க?"

"நான்தான். உள்ள வாங்க."

"வேண்டாங்க, நனைஞ்சிருக்கேன்."

அக்கா துண்டை எடுத்து நீட்டினாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார், ஆனால் நாற்காலியில் உட்காரவில்லை. கொடியில் தொங்கின சட்டைகளைப் பார்த்து, "இந்தக் கலருதான் அந்த வார்டுல" என்றார்.

"எனக்கு ஒண்ணு புரியணுங்க" என்று அவரே தொடங்கினார். "டாக்டரைக் கேட்டா நெட்வொர்க்குங்கறாரு. ஆபீசைக் கேட்டா விசாரணை நடக்குதுங்கறாங்க. அவ மூச்சு நின்னு செத்தாளா, வயரு நின்னு செத்தாளா, அது தெரியாம எனக்குச் சோறு எறங்கல. அந்தப் பொட்டி ஒரு படம் போடுமாம். அதப் பாக்கலாமான்னு கேட்டேன். அழிஞ்சு போச்சுன்னுட்டாங்க. ஒண்ணுமேவா இல்லாமப் போச்சு?"

பெட்டி டாக்டர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கம்பவுண்டர் சட்டென்று, "மாமா" என்றான். அவர் காதில் வாங்கவில்லை. சொல்லிவிடுவது என்றுதான் அவர் போனை எடுத்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. எடுத்த கை அவ்வளவு உறுதியாக இருந்தது.

"ஒரு போட்டோ இருக்கு" என்றார். போட்டோவைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வெல்டரின் முகத்துக்கு நேரே பிடித்தார். "அன்னைக்குக் காலைல எடுத்தது."

வெல்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"இந்த நட்சத்திரமெல்லாம் உச்சம். ஒரு மணி நேரத்துல ஒரு நொடி தொட்டிருந்தாலும் மேல நிக்கும். அதப் பாத்து பயப்பட வேண்டியதில்ல. கீழ இருக்கு பாருங்க, இந்த ஹாஷ், இது சராசரி. பொட்டி மூச்சு வாங்கறது இதுலதான் தெரியும். இது நட்சத்திரத்தோட தலையத் தொட ஆரம்பிச்சா, பொட்டிக்கு ஓய்வே இல்லன்னு அர்த்தம்."

"இங்க தொடுதே."

"ஆமா."

"ஆனா இந்தப் பக்கம் வரவரக் குறைஞ்சிருதே. நல்லதுதானே?"

"எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். இதுல இடது பக்கம்தான் இப்போ. வலது பக்கம் மூணு நாளைக்கு முன்னாடி. இந்தக் கோடியிலிருந்து இப்படி வாங்க." வெல்டரின் ஈரமான ஆள்காட்டி விரலைப் பிடித்து, வலமிருந்து இடமாகத் திரையின்மேல் நகர்த்தினார். தரையில் படுத்திருந்த குச்சிகள் எழுந்து, விரலோடு ஏறி ஏறி வந்து உச்சியில் முட்டி நின்றன.

வெல்டர் விரலை எடுக்கவில்லை. "அப்ப காலைலயே ஏறிக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

"ஆமா."

"காலைலயே பாத்திருக்காங்க."

"ஆமா."

"பாத்துட்டு என்ன செஞ்சிருக்கலாம்? பெரிய வேலையா? மிஷின மாத்தணுமா?"

"இல்ல." அவர் பொய் சொல்லவில்லை. அந்தமட்டுக்கும் அவரைப் பாராட்டலாம். "வார்டுக்கு ஒரு போன் போட்டு, மணிய நம்பாதீங்க, பேஷன்ட்டுங்க பக்கத்துல ஒருத்தர் உக்காந்துக்கங்கன்னு சொல்லியிருந்தா போதும்."

மழை தகரத்தில் அடித்தது. வெல்டர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். தோள்கள் மட்டும் குலுங்கின. "நான் உக்காந்திருப்பேனே" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "வீட்டுக்குப் போங்க, நாங்க பாத்துக்கறோம்னு அவங்கதானேங்க என்ன அனுப்பினாங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே உக்காந்திருப்பேனே."

பெட்டி டாக்டரின் பிடி அப்போதுதான் தளர்ந்தது. போன் நழுவப் பார்த்தது. அக்கா எட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த வேகத்தில் விரல் பட்டு, பெரிதாக இருந்த போட்டோ சுருங்கி, அதற்கு மேலும் கீழும் எழுதியிருந்தவை தெரிந்தன. மேலே தம்பியின் கேள்வி. கீழே அவள் புருஷனின் பதில்:

"இறங்கிட்டு வருது. ஒண்ணும் செய்யாத. வாய் மரத்துப்போச்சு, பேச முடியாது."

அவள் அதை ஒருதடவைக்கு இரண்டு தடவை வாசித்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரோடு நின்று, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினான். சின்ன வயதில் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லாதே என்று கெஞ்சுவானே, அதே தலையாட்டல். இந்தத் தடவை உடைத்தது அவனில்லை.

வெல்டர் துண்டை இறக்கினார். கண் சிவந்திருந்தது, குரல் தெளிந்திருந்தது. "யாரு பாத்தது? நாளைக்குப் போலீசுல எழுதிக் குடுக்கப் போறேன். பேரு கேக்கறாங்க. ஆபீசுல யாரும் பேரு சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்க."

பெட்டி டாக்டர் வாயைத் திறந்தார். அன்றைக்குப் போட்ட ஊசி எப்போதோ இறங்கிப்போயிருந்தது. நாக்கு நன்றாகத்தான் அசைந்தது. ஆனால் அவர் முதலில் மனைவியைத்தான் பார்த்தார். அவள் கையில் போன் இருந்த விதத்தைப் பார்த்ததும் அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்தது.

அவள் புருஷனைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மகளின் போட்டோவைப் பார்த்தாள். நர்ஸிங் பள்ளியில் சேர்ந்த அன்று எடுத்தது. அம்மா தைத்த நீலச் சட்டையைத்தான் மகள் போட்டிருந்தாள்.

"என் தம்பிதாங்க" என்றாள்.

தம்பியின் முழுப் பேரையும், அப்பா பேரோடு சேர்த்துச் சொன்னாள். வெல்டர் தன் போனை எடுத்துத் தடுமாறித் தடுமாறி எழுதிக்கொண்டார். எழுத்து சரிதானா என்று அவளிடமே காட்டினார். சரிதான் என்றாள்.

"இவருதானா?" என்று வெல்டர் சுவரோரம் திரும்பினார்.

"ஆமாங்க" என்றான் கம்பவுண்டர். "நான்தான் போட்டோ எடுத்தேன். நான்தான் விட்டேன்."

வெல்டர் அவனை அடிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அடித்திருந்தால் அவனுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவ பேரு தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்று சொல்லிப் பேரையும் சொன்னான். வெல்டர் தலையை ஆட்டினார். "அந்தப் படத்த எனக்கு அனுப்ப முடியுமாங்க?"

"நம்பரச் சொல்லுங்க" என்றாள் அக்கா. போட்டோவை மட்டும் தொட்டு, போட்டோவை மட்டும் அனுப்பினாள். அவர் போனில் வந்து சேர்ந்த சத்தம் கேட்டது. அவர் துண்டை நாற்காலியின் முதுகில் ஒழுங்காக மடித்துப் போட்டார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "பொறுமையா எடுத்துச் சொன்னீங்க. இதுவரைக்கும் யாரும் சொல்லல" என்று பெட்டி டாக்டரைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு கதவை யாரும் சாத்தவில்லை. சாரல் உள்ளே வந்து வாசல் நனைந்தது.

அக்கா போனில் ஏதோ செய்தாள். பிறகு அதை மேசைமேல் வைத்தாள்.

"அழிச்சிட்டியாக்கா?" என்று தம்பி கேட்டான்.

"ம்."

"நல்லது."

அவள் அப்படியே மெஷின் முன்னால் உட்கார்ந்து, தைத்து முடிக்காத சட்டையை மடியில் அள்ளி, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகை வந்த சத்தமே வேறுமாதிரி இருந்தது. "ஏன்டா எங்கிட்டச் சொல்லல? இத்தன நாளா திட்டினேனேடா, வாயில வந்ததெல்லாம் சொன்னேனே."

"நீ திட்டினா எனக்கென்னக்கா புதுசா?" அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமாவுக்குப் போச்சுன்னா பாப்பாவோட படிப்பும் போயிரும். எனக்கென்ன, ஒண்டிக்கட்டை."

"உனக்கு இன்னும் வயசு இருக்குடா" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அந்தக் கையை விலக்கவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"தெரியும்க்கா. அதனாலதான் மொதல்லயே நான்தான்னு சொன்னேன்" என்றான். "ஆனா நீயும் அதையே சொல்லுவேன்னு நெனைக்கல."

இத்தனை நேரம் நின்றுகொண்டே இருந்த பெட்டி டாக்டர் பேசினார். "நாளைக்கு நான் போய்ச் சொல்லிடறேன். நான்தான் பார்த்தேன்னு சொல்லிடறேன்."

இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் ஒரு வார்த்தை சொல்வார் என்று தம்பி கொஞ்சநேரம் காத்திருந்தான். பிறகு எழுந்து, தன் அறைக்குப் போய், நாளைக்குப் போட்டுப் போக வேண்டிய சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தான்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். சோற்றைச் சூடாக்கினாள். முட்டையை உடைத்து ஊற்றினாள். தட்டைக் கொண்டுவந்து புருஷனின் முன்னால் வைத்தாள்.

"சொல்லிடறேன்னு சொன்னேனே" என்றார் அவர்.

"கேட்டுச்சு. சாப்பிடுங்க."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"சாப்பிடுங்க, ஆறிடும்."

அவர் தட்டைப் பார்த்தார். வாசல் அறையில் இஸ்திரிப் பெட்டி துணியின்மேல் போய் வருகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பல் பிடுங்கின பக்கத்தை விட்டு, மற்றப் பக்கத்தில் மென்று, அவர் சாப்பிட்டார்.